பத்தரை மணி செல்ஃபி

நவம்பர் 4, திங்கள்

இந்த டைரியை எழுதச் சொன்னவர் தோழர் வைரவன், எங்கள் டெலிவரி ஊழியர் சங்கத்தின் செயலாளர். "தெனம் எத்தனை மணிக்கு லாகின் பண்றீங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்க, நடுவுல என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் எழுதி வைங்கம்மா. இருபதாம் தேதி கமிட்டி வருது. வாயால சொன்னா மறந்துடுவாங்க" என்றார். ஆப் வைத்து வேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் போடுவது பற்றி ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கிற கமிட்டி. திருச்சியில் பேச சங்கத்திலிருந்து மூன்று பேர். அதில் நான் ஒருத்தி. பேசத் தெரிந்த ஆளைத்தானே அனுப்புவார்கள்!

டைரி, மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. முதல் பக்கத்தில் கடைக்காரர் 'திரு. இருதயராஜ்' என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர். அதை அடித்துவிட்டு 'ஜெசிந்தா' என்று எழுதினேன். பிறகு பாவமாக இருந்தது. அவர் பெயரையும் மேலே மறுபடி எழுதினேன்.

காலை பத்தரை: செல்ஃபி. ஆச்சு. பதினொன்று முதல் மூன்று வரை பதினொரு ஆர்டர். இப்போது மூன்றரை, டெலிவரி வண்டிகள் நிற்கிற தென்னூர் ஸ்டாண்டில் மரத்தடியில் எழுதுகிறேன். கடைசி ஆர்டர் தில்லைநகர் பத்தாவது கிராஸ், மேற்கு. மேப் எப்போதும் கிழக்கைக் காட்டும். எனக்கு மேப் வேண்டாம். மணி அடித்தால் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மா கயிற்றில் கூடையை இறக்குவார். பொட்டலத்தை வைத்தால் கூடை மேலே போய்விடும். ஒரு வருஷமாகக் கொடுக்கிறேன், முகம் பார்த்ததில்லை.

என் ரேட்டிங் ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்பது. இந்த ஸ்டாண்டில் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. இதையும் கமிட்டி படிக்கட்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

செல்ஃபி ஆச்சு.

மழை. பாலக்கரையில் பிரியாணி எடுத்தேன். மேப் சப்வே வழியாகப் போ என்றது. சப்வேயில் இடுப்பளவு தண்ணீர். சுற்றிப் போனால் பதினெட்டு நிமிஷம், ஆப் கொடுத்தது ஒன்பது. பாதி வழியில் ஆர்டர் ரத்து. உடனே ஒரு செய்தி: 'தாமதம் காரணமாக உங்கள் நாளைய முன்னுரிமை நேரங்கள் நீக்கப்பட்டுள்ளன.' உதவி எண்ணுக்கு அடித்தால் மெஷின் பேசுகிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை சப்வே வாசலுக்கே திருப்பிக்கொண்டு போய், போனை எடுத்து வீடியோவில் பேசிவிட்டேன். "எம்பேரு ஜெசிந்தா. பதினாலு மாசமா இந்தப் பையத் தூக்கிட்டு ஓடுறேன். இந்தா பாருங்க தண்ணி. நீந்திப் போனாத்தான் நேரத்துக்குப் போவலாம். யார்கிட்ட சொல்றது? போன்ல ஆளு இல்ல. ஆபீஸுக்குக் கதவு இல்ல. எங்களுக்கு மேல ஒருத்தரு இருக்காரு, அவருக்கு மூஞ்சியே இல்ல." அவ்வளவுதான், இரண்டு நிமிஷம்.

வீடியோவை நெட்டில் ஏற்றியது என் வீட்டுக்காரர்தான். "தலைப்பு என்ன வெக்கட்டும் ஜெசி?" என்றார். "ஒண்ணும் வேணாங்க. தண்ணியே பேசும்." ரத்தான பிரியாணியை இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 7, வியாழன்

மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்! ஸ்டாண்டில் ஷாகுல் என்னை 'ஸ்டார் அக்கா' என்கிறான்.

ஆளுங்கட்சிக்காரர்கள் என்னை எதிர்க்கட்சி ஆள் என்கிறார்கள், சப்வே தண்ணீரைக் காட்டிவிட்டேனாம். எதிர்க்கட்சிக்காரர்கள் என்னை ஆளுங்கட்சி ஆள் என்கிறார்கள், சட்டம் வருகிற நேரம் பார்த்து எனக்கு எழுதிக் கொடுத்தார்களாம். இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம், எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான். மூன்றாவதாக ஒரு கூட்டம், புருஷனுக்குச் சமைத்துப் போடாமல் ரோட்டில் என்ன வேலை என்று கேட்கிறது. சமைத்து மூடி வைத்துவிட்டுத்தானய்யா கிளம்புகிறேன்.

'சும்மா ஒருத்தன்' என்ற பெயரில் ஒரு புண்ணியவான் மட்டும் எல்லோருக்கும் சளைக்காமல் பதில் எழுதுகிறார். பகல் முழுக்க வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. 'அவங்க சாம்பாரைத் தனியாக் கட்டி, பையில் ஓரமா நிக்க வெச்சு எடுத்துட்டுப் போறவங்க. ஒரு சொட்டு சிந்தினதில்லை' என்று எழுதியிருக்கிறார். யாரோ பழைய வாடிக்கையாளர். நல்லா இருக்கட்டும்.

கே.கே. நகர் ஆர்டர் வந்தது, விட்டுவிட்டேன். மேலப்புதூர் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் தூரமென்றால் எடுப்பதில்லை. ஸ்கூட்டிக்கு வயதாகிவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. 'காணொளியில் தோன்றும் பெண் எங்கள் டெலிவரி பார்ட்னர் அல்ல. அந்தப் பெயரில் திருச்சியில் யாரும் இல்லை.' கீழே ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள். நடிகை. வாடகைக்கு எடுத்த சட்டை. எந்தக் கட்சி காசு கொடுத்தது?

இந்தப் பக்கத்தைக் கமிட்டி படிக்கக் கூடாது. பிறகு கிழித்துவிட வேண்டும். ஆனால் எங்காவது ஒரு இடத்தில் எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கம்பெனி சொல்வது பொய் இல்லை. ஐடி என் வீட்டுக்காரருடையது. போன வருஷம் செப்டம்பரில் மன்னார்புரம் வளைவில் ஒரு வேன் அவர் முழங்காலை நொறுக்கியது. ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால் ஐடி செத்துவிடும். 'வைர' நிலையில் இருந்தார். அந்த நிலையில் இருந்தால்தான் நல்ல நேரமெல்லாம் முதலில் கிடைக்கும். அந்தப் படி போய்விடக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளே அவர் போனையும் பையையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். இரண்டு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் தினமும் ஆப் முகம் கேட்கும். அதனால் காலை பத்தேகாலுக்கு அவர் சவரம் செய்து, தலை சீவி, கம்பெனி டி-ஷர்ட்டை மாட்டிக்கொள்வார். மேலே டி-ஷர்ட், கீழே கைலி, பக்கத்தில் வாக்கர். பத்தரைக்கு போனைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் அந்த போன் என் கைக்கு வரும், என் போன் அவரிடம் இருக்கும். நடுப்பகலில் திடீரென்று இன்னொரு தடவை கேட்டாலும் பத்து நிமிஷத்தில் அவர் முன்னால் நிற்க வேண்டும். ஸ்கூட்டிக்கு ஒன்றும் வயதாகவில்லை.

வாடிக்கையாளர்கள் 'இருதயராஜா?' என்றால், "அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க, இன்னைக்கு மட்டும் நான்" என்பேன். பதினாலு மாதமாக இன்றைக்கு மட்டும் நான்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து டி.வி. விவாதத்துக்கு உட்கார்ந்தேன். தோழர் ஏற்பாடு. போனைச் சாய்க்க இடமில்லாமல் அவருடைய வாக்கரில் கட்டினோம்.

திரையில் நாலு கட்டம். இரண்டு கட்டத்தில் இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவர் இளைஞர்களுக்குச் சுதந்திரமான வேலை என்றார், இன்னொருவர் அடிமை வேலை என்றார். பிறகு ஒருவர் கட்சியை ஒருவர் முப்பது வருஷத்துக்குத் தோண்டினார்கள். மூன்றாவது கட்டத்தில், ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசுவதால்தான் கேடு என்று ஒரு கோட்டு போட்டவர் ஆன்லைனில் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் கழித்து என் முறை. விவாதம் நடத்துகிறவர் என்னைக் கேட்டார்.

"அம்மா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. நீங்க அந்தக் கம்பெனியில வேலை பாக்குறீங்களா, இல்லையா?"

"தெனம் பன்னெண்டு மணி நேரம் பாக்குறேன்."

"ஆமாவா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் விளம்பர இடைவேளை. திரும்பி வந்தபோது என் கட்டத்தில் வேறு ஆள் இருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. அது ஏன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். நிறையப் பேர் சேர்ந்து 'தவறான தகவல்' என்று புகார் செய்தார்களாம். முறையிட்டோம். 'உங்கள் மேல்முறையீடு பெறப்பட்டது' என்று பதில். டெலிவரி ஆப் சொல்கிற அதே வாக்கியம். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ.

மதியம் ஏரியா மேனேஜர் ரோஷன் அவருக்கு போன் செய்தார். நான் சாப்பிட வந்திருந்தேன், ஸ்பீக்கரில் போட்டார். "இருதயராஜ், உங்க ஐடில யாரு ஓட்டுறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நல்ல ரேட்டிங் வெச்சிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க. அந்த வீடியோ சும்மா நடிச்சது, அதுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லன்னு நீங்க ஒரு வீடியோ போடுங்க. மேடம் இருபதாம் தேதி மீட்டிங்குக்கு வர வேணாம். ஐடி அப்படியே இருக்கும். இல்லன்னா ரூல் ரூல்தான்."

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றார்.

மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 13, புதன்

சண்டை.

"அவன் சொல்றதப் போட்டுட்டுப் போயிடலாமே ஜெசி. ரெண்டு நிமிச வீடியோ."

"பதினாலு மாசம் மழையில நனைஞ்சவ நடிகைன்னு நீங்களே சொல்லுவீங்களா?"

"சொல்லத்தான் வேணாம்னு பாக்குறேன். ஆனா ஐடி போச்சுன்னா? ஏழு வருசம் ஓட்டி வாங்குனது அது. காலு சரியானதும் நான் எதுல ஓட்டுறது?"

ஆமாம், சரியாகிவிடும், தைக்குள் சரியாகிவிடும் என்றேன். ஜூலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

அப்புறம் அவர் மெதுவாக ஒன்று கேட்டார். "அந்த ஐடியும் இல்லன்னா காலைல பத்தரைக்கு நான் என்ன பண்றது?"

எனக்கு லைசென்ஸ் கிடைத்தே ஏழு மாதமாகிறது. எப்போது வேண்டுமானாலும் என் பெயரில் ஐடி எடுத்திருக்கலாம். புதிது என்றால் கீழ்ப் படியிலிருந்து ஏற வேண்டும், அதனால்தான் எடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் ஒரு காரணம்தான்.

நவம்பர் 15, வெள்ளி

தோழரிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க எந்திரிச்சா அவங்க வக்கீல் இத ஒண்ணையே புடிச்சுக்குவான். யாரோ பேர்ல யாரோ வீட்டுக் கதவத் தட்டுறாங்க, மக்களுக்கு ஆபத்துன்னு பேச்சையே மாத்திடுவான். நீங்க பேச வேணாம். கோவிச்சுக்காதீங்க." அவர் கணக்கில் அது சரிதான். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. அங்கேயே அழுதேன், மறைக்கவில்லை.

ஸ்டாண்டில் ஷாகுலிடமும் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தான். "அக்கா, எங்கிட்ட யாராச்சும் 'செந்தூரன் தம்பியா'ன்னு கேக்குறத நீங்க கவனிச்சதில்லையா? அது எங்க ரூம்காரன் பேரு. எம்பேர்ல இருந்தத ரெண்டு வருசத்துக்கு முன்ன பிளாக் பண்ணிட்டான். எதுக்குன்னு இன்னை வரைக்கும் தெரியாது. அப்பீல் பெறப்பட்டதுன்னான், அப்படியே நிக்குது. அதோ அந்த நீல வண்டி, மச்சினன் ஐடி. இந்தக் கடைசியில ஒக்காந்திருக்காரே, அவரு செத்துப்போன அண்ணன் ஐடி."

"செத்தவருக்கு செல்ஃபி?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைக்கா."

சிரித்துவிட்டோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றது. ஸ்டாண்டில் நின்ற பதினேழு வண்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காரணம் சொல்லாமல் துரத்துகிறார்கள், கேட்க ஆளில்லை, அதனால் அடுத்தவன் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம். நான் மறைத்து வைத்திருப்பதுதான் அந்தக் கமிட்டி கேட்க வேண்டிய விஷயம். என்னை விட்டால் இதைச் சொல்ல ஆள் கிடையாது.

நவம்பர் 18, திங்கள்

செல்ஃபி ஆச்சு. போனை அவர் என்னிடம் கொடுக்குமுன் சொல்லிவிட்டேன். புதன்கிழமை போய்ப் பேசப்போகிறேன். எல்லாவற்றையும். ஐடி அன்றைக்கே போய்விடும்.

வெகுநேரம் கைலி மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். "டாக்டர் ஜூலையில எங்கிட்டயும் சொன்னாரு ஜெசி."

"என்ன சொன்னாரு?"

"ஒங்கிட்ட சொன்னதத்தான். இனிமே வண்டி கிடையாதுன்னு. நீ தைக்குள்ள சரியாயிடும்னு சொல்லும்போதெல்லாம் ஒனக்காகத் தலையாட்டினேன்."

நான் அவருக்காகச் சொன்னேன், அவர் எனக்காகத் தலையாட்டியிருக்கிறார். நாலு மாதம். இரண்டு முட்டாள்கள். அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன், நல்ல கால் பக்கமாகப் பார்த்து.

"போய்ச் சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லு. நானும் வர்றேன்" என்றார். "அந்தக் கமெண்ட்டுக்கெல்லாம் இனிமே பதில் போட வேண்டியதில்ல போல."

எந்தக் கமெண்ட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 20, புதன்

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கம். பேசத்தான் போகிறேன் என்று தோழரிடம் வாசலிலேயே சொன்னேன். முறைத்தார், பிறகு என் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் நல்ல மனுஷர்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. நான் எழுந்து பெயரைச் சொன்னதுமே கம்பெனி வக்கீல் எழுந்தார். "மேடம், இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை. பேச இவருக்கு உரிமை இல்லை."

"அவரு சொல்றது சரிம்மா" என்றேன். வக்கீலே திகைத்தார். "ஐடி எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. ஓட்டுறது நான். பதினாலு மாசமா காலைல அவரு மூஞ்சியக் காட்டுவாரு, அப்புறம் நான் போவேன்."

அரங்கம் சலசலத்தது. "இது விதிமீறல். வாடிக்கையாளர் பாதுகாப்பு..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"விதிமீறல்தான் சார். எந்த வாடிக்கையாளர் என்னால பாதிக்கப்பட்டாங்கன்னு சொல்லுங்க. நாலு புள்ளி ஒம்பது நீங்க கொடுத்ததுதானே?"

நீதிபதி அம்மா கையமர்த்தினார். "உங்க பேர்லயே ஏன் எடுக்கல?"

"பயம்மா. புதுசா போனா கீழ தள்ளுவாங்க. பழசுல தப்பு நடந்தா தூக்கிடுவாங்க. ஏன்னு சொல்ல மாட்டாங்க. எங்க ஸ்டாண்டுல எத்தனையோ பேரு அடுத்தவங்க பேர்லதான் ஓட்டுறாங்க. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். திருட்டுத்தனம்னு வக்கீல் சார் சொல்லுவாரு. நீக்குறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் எங்கள நேர்ல பாத்து விசாரிக்கணும்னு மட்டும் சட்டத்துல எழுதுங்க. அப்புறம் ஒருத்தரும் அடுத்தவன் மூஞ்சிய வாங்க மாட்டாங்க."

"இருதயராஜ் வந்திருக்காரா?"

பின்வரிசையில் வாக்கர் நகர்ந்தது. டி-ஷர்ட்டும், நான் இஸ்திரி போட்ட பேன்ட்டும். "நான்தாம்மா அந்த மூஞ்சி. அந்தப் புள்ளியெல்லாம் அவ வாங்குனது" என்றார்.

டைரியைக் கேட்டார்கள். எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். என்ன எழுதுவார்களோ, எப்போது எழுதுவார்களோ. ஆனால் நான் சொன்னது அவர்கள் காகிதத்தில் இருக்கிறது, அதை யாரும் புகார் செய்து தூக்க முடியாது.

மாலை ஐந்து மணிக்கு ஐடி போய்விட்டது. முறையிட ஒரு பட்டன் இருந்தது. நான் அமுக்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

பத்தேகாலுக்கு அவர் சவரம் செய்துவிட்டார். போன் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

வேறொரு கம்பெனியில் என் பெயரில் விண்ணப்பித்தேன். பழையதில் என் முகத்தையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். இன்று ஐடி வந்தது. முதல் செல்ஃபியை ஆப் மூன்று தடவை நிராகரித்தது. "மொகவாயக் கொஞ்சம் தூக்கு. வெளிச்சம் எடது பக்கம் இருக்கணும். சிரிக்காத, ஆனா சிரிக்கப்போற மாதிரி வெச்சுக்க" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். நாலாவது தடவை பச்சை. அனுபவசாலி.

சங்க ஆபீஸில் என் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார் தோழர். பிளாக் ஆனவர்களின் முறையீடுகளை எழுதிக் கொடுக்கிற வேலை, தினமும் பத்தரைக்கு. 'சும்மா ஒருத்தன்' கணக்கின் பெயரையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இப்போது 'இருதயராஜ், மேலப்புதூர்' என்று இருக்கிறது.

நவம்பர் 29, வெள்ளி

பையும் சட்டையும் வந்து சேர்ந்து, இன்றுதான் என் பெயரில் முதல் நாள். கீழ்ப் படி, நல்ல நேரமெல்லாம் மற்றவர்களுக்கு. பரவாயில்லை, ஏறத் தெரிந்தவள்தான். முதல் ஆர்டரே ஸ்ரீரங்கம். பத்து நிமிஷக் கணக்கு இல்லாமல் காவிரிப் பாலத்தில் போனேன். ஆற்றில் நிறையத் தண்ணீர். நடுவில் வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்தேன்.

மதியம் தில்லைநகர் பத்தாவது கிராஸ், மேற்கு. வாசலுக்குப் போய் நின்று மணியை அடிக்கக் கை தூக்கும்போதே போன் வந்தது. மாடியில் இருக்கிற அம்மா. அவரும் இந்தக் கம்பெனிக்கு மாறிவிட்டார் போல, ஆப்பில் புதுப் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"ஜெசிந்தாவாம்மா? புதுசு போல. எங்க கிராஸுக்கு வழி தெரியுமா? எல்லாரும் கெழக்கால போயி நின்னுக்கிட்டு போன் பண்ணுவாங்க. முன்னாடி இருதயராஜ்னு ஒரு தம்பி வருவாரு. ஒரு நாளும் வழி கேட்டதில்ல, ஒரு சொட்டு சிந்துனதில்ல. இப்ப அவரக் காணோம்."

"நல்லா இருக்காரும்மா" என்றேன். "நீங்க கூடைய எறக்குங்க."